மரக் கிளாரினெட்டுக்கு இப்போதே மாறலாமா?

இசைக்கருவி: வாசகர் கேள்வி, ஆசிரியர் பதில்

பள்ளிப் பருவத்தோடு கிளாரினெட்டை மூடிவைத்துவிட்டு, நாற்பது வயதையொட்டி மீண்டும் திறப்பவர்களிடமிருந்து அண்மையில் பல கடிதங்கள் வந்துள்ளன. ஏறக்குறைய எல்லாமே ஒரே கேள்வியைச் சுற்றி வருவதால் இம்மாதப் பக்கத்தை அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: உயர்நிலைப்பள்ளியில் நான்கு ஆண்டுகள் இணைப்பாட நடவடிக்கையாகக் காற்றிசைக் குழுவில் கிளாரினெட் வாசித்தேன். கடைசி இளையர் விழா முடிந்ததும் கருவியைப் பள்ளியிடமே திருப்பிக் கொடுத்தேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது என் மகள் அதே கருவியைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். எனக்கும் ஆசை திரும்பிவிட்டது. சமூக மன்றத்தில் பயிற்சி செய்யும் குழு ஒன்றில் சேர எண்ணுகிறேன். கடையில் மாணவர் நிலைக் கருவியான யமஹா ஒய்சிஎல்-255-ஐயும், இடைநிலை மரக்கருவிகளான ஒய்சிஎல்-450, புஃபே இ-11 ஆகியவற்றையும் காட்டினார்கள். மரக்கருவியின் விலை இரண்டு மடங்கையும் தாண்டுகிறது. பெரியவர்கள் வாங்குவதென்றால் மரக்கருவிதான் சரி என்கிறார் கடைக்காரர். அப்படியா?
– வாசகி, செங்காங்

பதில்: வயதுக்கும் மரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நீங்கள் வாரத்தில் எத்தனை நாள் வாசிக்கப் போகிறீர்கள், யாரோடு சேர்ந்து வாசிக்கப் போகிறீர்கள் என்பவைதான் இதைத் தீர்மானிக்க வேண்டியவை.

முதலில் ஒலியைப் பற்றிய ஒரு நம்பிக்கையைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். கிளாரினெட்டில் ஒலிப்பது குழாயின் சுவர் அன்று. ரீட் எனப்படும் மெல்லிய நாணல் தகடு அதிர்ந்து இயக்கும் உள்காற்றுத் தம்பமே ஒலிக்கிறது. அமெரிக்க இயற்பியலாளர் ஜான் பாக்கஸ் 1964-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், துளைக்கருவிகளின் சுவர் அதிர்வு நம் காதுக்கு எட்டும் ஒலியில் செலுத்தும் பங்கு பொருட்படுத்தத் தக்கதன்று என்று காட்டினார். வாசிப்பவர்களிடையே இந்த விவாதம் இன்றுவரை ஓயவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் ஒய்சிஎல்-255-ஐ ஊதிவிட்டு உடனே ஒய்சிஎல்-450-ஐ ஊதினால் வேறுபாடு தெரியும் என்பதும் பொய்யன்று. 255 ஏபிஎஸ் என்னும் பிளாஸ்டிக்கில் செய்யப்படுவது. 450-உம் இ-11-உம் கிரெனடில்லா எனப்படும் ஆப்பிரிக்கக் கருமரத்தில், பதப்படுத்தி, துளையிட்டு, உட்புறத்தைப் படிப்படியாகக் கடைந்து செய்யப்படுபவை. விலை கூடும்போது உட்குழாயின் அளவிலும், விரல்துளைகளின் விளிம்பைச் சீவும் நேர்த்தியிலும், துளைகளை மூடும் மெத்தைகளான பேடுகளின் தரத்திலும், சாவிகள் ஆடாமல் அமர்வதிலும் கூடுதல் கவனம் செலுத்தப்படுகிறது. மரத்துக்காகக் கொடுப்பதாக நாம் நினைக்கும் பணத்தில் பெரும்பகுதி உண்மையில் இந்த வேலைப்பாட்டுக்கே போகிறது.

அந்த வேலைப்பாடு எங்கே தெரியும் என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் யாருடைய பேச்சையும் நம்ப வேண்டியதில்லை. கிளாரினெட்டில் கீழ்ச்சுரத்தை மேல்சுரமாக்கும் ரெஜிஸ்டர் சாவியை அழுத்தினால் சுரம் எட்டாவது இடத்துக்குத் தாவாமல் பன்னிரண்டாவது இடத்துக்குத் தாவும் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். தாழ்ந்த இ-யை நீளமாக ஊதி, உதட்டை அசைக்காமல் இடது கட்டைவிரலால் சாவியை மட்டும் அழுத்துங்கள், பி வரும். அதேபோல எஃப்-இலிருந்து சி, ஜி-யிலிருந்து டி என்று ஒவ்வொன்றாக மேலே ஏறுங்கள். கீழ்ச்சுரம் சுருதியோடு நிற்கும்போது மேல்சுரமும் சுருதியோடு நிற்கிறதா, அல்லது இறங்கியோ ஏறியோ போகிறதா என்று முதலில் காதாலும் பிறகு ட்யூனரிலும் பாருங்கள். எந்தக் கருவியிலும் இது முழுமையாகப் பொருந்தாது. ஆனால் நல்ல இடைநிலைக் கருவியில் விலகல் சிறியதாகவும், சுரத்துக்குச் சுரம் ஒரே போக்கிலும் இருக்கும். பிறகு, கீழ்ச்சுர வரிசை முடிந்து மேல்சுர வரிசை தொடங்கும் இடமான பிரேக்குக்குச் சற்றுக் கீழே உள்ள ஏ, பி ஃபிளாட் ஆகிய இரண்டையும் ஊதுங்கள். அந்த பி ஃபிளாட்டுக்கு ரெஜிஸ்டர் துளையே சுரத்துளையாகவும் வேலை செய்ய வேண்டியிருப்பதால் எல்லாக் கிளாரினெட்டிலும் அது மூக்கடைத்தாற்போல்தான் ஒலிக்கும். அந்த அடைப்பு எவ்வளவு குறைவாக இருக்கிறது என்பதுதான் உங்கள் கூடுதல் பணத்துக்கான கணக்கு. குழுவில் இரண்டாம், மூன்றாம் கிளாரினெட் பகுதிகளை வாசிப்பவர்கள் பெரும்பாலான நேரம் இந்தச் சுரங்களில்தான் காலம் தள்ளுகிறார்கள். மீண்டும் வருபவர்களை உட்கார வைக்கும் இடமும் பெரும்பாலும் அதுவே.

சோதிக்கும்போது இரண்டு கருவிகளிலும் ஒரே மவுத்பீஸையும் (வாயில் வைத்து ஊதும் முனை) ஒரே ரீடையும் மாற்றிப் பொருத்தி ஊதுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் ஒப்பிடுவது மவுத்பீஸ்களைத்தான். கடைகளில் குளிரூட்டி பலமாக இருக்கும். கருவி சில்லென்று இருக்கும்போது சுருதி இறங்கித்தான் நிற்கும். கைச்சூட்டிலும் மூச்சுச்சூட்டிலும் கருவி பழகியபின் ட்யூனரைப் பாருங்கள்.

இதிலிருந்து என் முக்கியமான ஆலோசனைக்கு வருகிறேன். இருபது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு வருபவருடைய ஒலியில் உள்ள குறைகளில் மிகப் பெரும்பகுதி உதட்டுத் தசையிலும் மூச்சிலும் இருக்கும்; அடுத்த பகுதி மவுத்பீஸிலும் ரீடிலும் இருக்கும்; கருவியின் உடலுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். முதல் சில மாதங்களில் உங்கள் உதடு வாரத்துக்கு வாரம் மாறிக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் செய்யும் ஒப்பீடு, உதடு திடப்பட்டபின் செல்லுபடியாகாமல் போகலாம். ஆகவே இப்போதைக்கு மகளின் கருவியை இருவரும் பகிர்ந்துகொண்டு, உங்களுக்கென்று தனியாக ஒரு நல்ல மவுத்பீஸும், அதில் ரீடைப் பிடித்து வைக்கும் லிகச்சரும் வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம் என்பேன். மவுத்பீஸை மட்டும் பகிர வேண்டாம். சுகாதாரம் ஒரு காரணம், மகளின் பற்களும் உங்கள் பற்களும் வெவ்வேறு இடத்தில் பதிவது மற்றொன்று. 255-உடன் வரும் 4சி மவுத்பீஸ் தொடங்குபவருக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் பழைய வாசிப்பனுபவம் உள்ளவர் விரைவில் அதைத் தாண்டிவிடுவார். வாண்டோரன் நிறுவனத்தின் பி45, 5ஆர்வி லைர், எம்13 லைர் ஆகியவற்றை ஊதிப் பார்த்து வாங்குங்கள். வாங்குமுன் நீங்கள் சேரவிருக்கும் குழு ஏ சுரத்தை 440 ஹெர்ட்ஸுக்கு வைக்கிறதா 442-க்கு வைக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்; வாண்டோரனின் 13 வரிசை 440-க்காகவும் வழக்கமான வரிசை 442-க்காகவும் செய்யப்படுகின்றன.

குழுவில் சேர்ந்து, பயிற்சி தவறாமல் நடந்து, உங்கள் கை நினைப்பதைக் கருவி தடுக்கிறது என்று நீங்களே உணரும்போது மரக்கருவிக்கு மாறுங்கள். அப்போது 450-ஐயும் இ-11-ஐயும் மட்டும் பார்க்காமல் ஒரு படி மேலே உள்ள இ-13-ஐயும் யமஹா ஒய்சிஎல்-650-ஐயும் சேர்த்துப் பாருங்கள். பொறுத்திருந்த மாதங்களில் சேர்ந்த பணம் அந்த ஒரு படிக்குப் போதுமானதாக இருக்கக்கூடும்; இடைநிலையில் வாங்கி, மீண்டும் விற்று, மீண்டும் வாங்குவதைவிட அது மேல். 1955-இல் வந்த ஆர்-13 போன்ற தொழில்முறைக் கருவிகளைப் பற்றி இப்போது நினைக்கவே வேண்டாம்.

கேள்வி: நான் மரக் கிளாரினெட் வாங்க முடிவு செய்துவிட்டேன். சிங்கப்பூரின் ஈரப்பதத்தில் மரம் வெடித்துவிடும் என்று நண்பர் பயமுறுத்துகிறார். வீட்டில் கேமரா வைக்கும் ட்ரை கேபினெட் இருக்கிறது. அதற்குள் வைத்தால் பாதுகாப்பாக இருக்குமா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: தயவுசெய்து அதில் வைக்காதீர்கள். கேமரா லென்ஸில் பூஞ்சை படராமல் இருக்க அந்தப் பெட்டியை 40 விழுக்காட்டுக்கு அருகில் வைத்திருப்பீர்கள். மரக் கிளாரினெட்டுக்கு அது மிகவும் வறண்ட இடம்.

மரம் வெடிப்பது ஈரத்தால் மட்டும் அன்று. உள்ளுக்கும் வெளிக்கும் இடையே ஏற்படும் ஈர வேறுபாட்டால். ஊதும்போது மூச்சின் ஈரத்தை உட்சுவர் குடித்து விரிகிறது. வெளிச்சுவர் உலர்ந்திருந்தால் அது விரிவதில்லை. உள்ளிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்க மாட்டாமல் பிளக்கிறது. அதனால்தான் குளிர்காலத்தில் வெப்பமூட்டி ஓடும் நாடுகளில் இந்த விபத்து அதிகம். இங்கே விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாள்களில் பிற்பகலில் 60 விழுக்காட்டை ஒட்டி இறங்கும். மரத்துக்கு இது அவ்வளவு கொடுமையான காற்று அன்று. கவலைப்பட வேண்டியது இரவு முழுவதும் குளிரூட்டி ஓடும் படுக்கையறையைப் பற்றித்தான். அந்த அறையில் கருவியைத் திறந்தபடி ஸ்டாண்டில் நிறுத்திவைத்து, காலையில் எழுந்ததும் சில்லிட்ட மரத்தில் பலமாக ஊதத் தொடங்குவதே வெடிப்புக்கு வழி. கருவியை அதன் பெட்டிக்குள் மூடி, குளிரூட்டி நேரடியாக வீசாத கூடத்து அலமாரியில் வையுங்கள். எடுத்தவுடன் மேல்பகுதியைச் சிறிது நேரம் கையில் பிடித்துச் சூடாக்கிவிட்டு ஊதுங்கள்.

புதிய மரமாக இருந்தால் முதல் இரண்டு வாரங்களுக்கு ஒரு நாளில் பதினைந்து, இருபது நிமிடங்களுக்கு மேல் வேண்டாம். பிறகு மெல்லக் கூட்டலாம். நாகஸ்வரம் செய்வோர் பழைய வீடுகளில் நாள்பட உலர்ந்த ஆச்சா மரத்தைத் தேடி வாங்குவதன் காரணமும் இதே மர இயல்புதான்: புதிய மரம் இன்னும் அசைந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு முறை வாசித்தபின்பும் பட்டுத் துணியால் உட்புறத்தைத் துடையுங்கள். பகுதிகள் இணையும் பொருத்துவாய்களில் தேங்கும் நீரைத் தனியே ஒற்றி எடுங்கள்; பலர் மறப்பது அதைத்தான்.

உண்மையில் நம் ஊர்க் காற்று தின்பது மரத்தை அன்று, மற்ற பாகங்களைத்தான். சாவிகளை இயக்கும் ஊசி விற்கள் எஃகால் ஆனவை, துரு பிடிக்கும். பேடுகளின் மேல்தோல் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு, சாவியைத் தூக்கும்போது 'டிக்' என்று ஒலி எழுப்பும். வெள்ளி முலாம் கறுக்கும்; நிக்கல் முலாம் அவ்வளவாகக் கறுக்காது. ஒய்சிஎல்-450 இரண்டு முலாமிலும் வருவதால், கை அதிகம் வியர்ப்பவர்கள் நிக்கல் வகையைக் கேட்டு வாங்கலாம். துடைத்த ஈரத்துணியை அப்படியே பெட்டிக்குள் திணித்து மூடுபவர்கள் சில மாதங்களில் பெட்டியின் உள்துணியில் பூசணத்தைக் காண்பார்கள். இந்த பேடு, வில் விவகாரமெல்லாம் பிளாஸ்டிக் கருவிக்கும் அப்படியே பொருந்தும் என்பதை நண்பரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: இணையத்தில் ஒருவர் தன் பழைய புஃபே இ-13-ஐ விற்கிறார். புதிய 255-இன் விலைக்குச் சற்று மேல்தான் கேட்கிறார். நேரில் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: மேல்பகுதியைத்தான் முதலில் கையில் எடுங்கள். மேலே வலது பக்கவாட்டில் இருக்கும், இரு சுரங்களை விரைந்து மாற்றி வாசிக்க உதவும் டிரில் சாவிகளின் துளைகளை ஒட்டித்தான் வெடிப்பு பெரும்பாலும் தொடங்கும். சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மர ரேகை வேறு, வெடிப்பு வேறு. சந்தேகம் இருந்தால் விரல்நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள், வெடிப்பில் நகம் தடுக்கும். பசையும் மரத்தூளும் வைத்து அடைத்த பழைய வெடிப்பாக இருந்தால் உடனே ஒதுக்கிவிட வேண்டாம். நன்றாகச் செய்த அடைப்பு பல ஆண்டுகள் தாங்கும். ஆனால் விலையை அதற்கேற்பக் குறைக்கச் சொல்லுங்கள். விரல்துளைக்குள் ஓடும் வெடிப்பு என்றால் விட்டுவிடுங்கள்.

அடுத்தது காற்றுக்கசிவு. மேல்பகுதியின் துளைகளை விரல்களால் மூடி, அடிவாயை மறு உள்ளங்கையால் அடைத்து, மேல்வாயில் உதடு வைத்துக் காற்றை உறிஞ்சுங்கள். உள்ளே உருவாகும் வெற்றிடம் சில விநாடிகள் நின்று, உதட்டை எடுக்கும்போது 'பொக்' என்று விடுபட்டால் பேடுகள் நன்றாக இருக்கின்றன. உறிஞ்சிய உடனே தளர்ந்தால் பேடுகள் மாற்ற வேண்டியிருக்கும். முழுவதுமாகப் பேடு மாற்றி, கார்க் ஒட்டி, விற்களைச் சரிசெய்வதற்கு ஆகும் கூலியைப் பழுதுபார்ப்பவரிடம் முன்கூட்டியே கேட்டு, விற்பவர் சொல்லும் விலையோடு கூட்டிப் பாருங்கள். 'சற்று மேல்' என்பது அப்போது எவ்வளவு மேல் என்று தெரியும். பகுதிகளைப் பொருத்தி மெல்ல ஆட்டிப் பாருங்கள். கார்க் தேய்ந்ததால் ஆடினால் சிறிய வேலை, பொருத்துமரமே தேய்ந்து ஆடினால் பெரிய வேலை.

இவை அனைத்திலும் தேறினால், நான் புதிய 255-ஐ விட்டுவிட்டு இந்த இ-13-ஐத்தான் எடுப்பேன். வெடிக்க வேண்டிய மரம் பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளிலேயே வெடித்திருக்கும். அந்தக் கண்டத்தைத் தாண்டிய மரம் அது.

கேள்வி: பள்ளியில் 3-ஆம் எண் ரீடில் வாசித்தேன். அதிலேயே தொடங்கலாமா?
– வாசகி, புக்கிட் பாத்தோக்

பதில்: வேண்டாம். எண் கூடக்கூட ரீட் கடினமாகும்; 2 அல்லது 2½-இல் தொடங்குங்கள். கடின ரீடில் பழைய ஒலியைத் தேடிப் பல்லால் கடிக்கப் பழகிவிட்டால் அதை விடுவிப்பது பெரும்பாடு. குளிரூட்டி அறைக்கும் வெளிக்கும் மாறி மாறிப் போவதால் நாணல் ரீட் இங்கே அடிக்கடி குணம் மாறும். மூன்று நான்கு ரீடுகளைச் சுழற்சியில் வையுங்கள். அந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் லெஜேர் செயற்கை ரீட் ஒன்று வாங்கலாம். விலை அதிகம், ஆனால் நனைக்கவும் வேண்டாம், பூசணமும் பிடிக்காது.

கேள்வி: தஞ்சாவூர்ப் பக்கம் கல்யாணங்களில் வாசித்த என் தாத்தாவின் மரக் கிளாரினெட் வீட்டில் இருக்கிறது. அதைச் சரிசெய்து குழுவில் வாசிக்க முடியுமா? பள்ளியில் நான் பயன்படுத்திய கருவியைவிடச் சாவிகள் குறைவாக இருக்கின்றன.
– வாசகர், ஈசூன்

பதில்: சரிசெய்யுங்கள், ஆனால் குழுவுக்கு வேறு கருவி வாங்குங்கள். நீங்கள் பள்ளியில் கற்றது போம் முறை எனப்படும் சாவியமைப்பு. கிளாரினெட் கலைஞர் குளோசேயும் கருவி செய்பவரான ஒகுஸ்த் புஃபேயும் சேர்ந்து வடிவமைத்து 1839-இல் பாரிஸில் காட்சிக்கு வைத்த அமைப்பு அது. இன்று கடையில் கிடைக்கும் மாணவர், இடைநிலைக் கருவிகளில் வழக்கமாக 17 சாவிகளும் 6 வளையங்களும் இருக்கும். தாத்தாவுடையது பெரும்பாலும் ஆல்பர்ட் முறையாக இருக்கும். விரல் வைக்கும் முறையே வேறு. கற்றதை மறந்து மீண்டும் கற்க வேண்டும். கருவியின் மேல் 'எச்பி' என்று முத்திரை இருந்தால் அது பழைய உயர்சுருதிக் கருவி. இன்றைய குழுக்களின் சுருதிக்கு அதை இறக்கவே முடியாது.

பரதநாட்டியத்தின் முன்வடிவமான சதிர்க் கச்சேரிகளுக்கு வாசிக்கும் சின்னமேளக் குழுவில் கிளாரினெட் நுழைந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. 2022-இல் பத்மஸ்ரீ பெற்ற திருச்சி ஏ.கே.சி. நடராஜன் அதைத் தனிக் கச்சேரி மேடைக்குரிய வாத்தியமாக நிலைநிறுத்தியவர். சாவிகளின் நெரிசல் குறைந்த ஆல்பர்ட் கருவியில் துளையின் மேல் விரலை மெல்ல வழுக்கிக் கமகம் பிடிக்க இடம் உண்டு என்பதால், கர்நாடக இசைக்காரர்கள் பலர் அதையே விரும்பினார்கள். ஆகவே தாத்தாவின் கருவியைப் புதுப்பிக்கக் கொடுக்கும்போது, 'சுருதியை மாற்றுகிறேன்' என்று துளைகளைத் தொட யாரையும் அனுமதிக்காதீர்கள். பேடும் கார்க்கும் மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: புதிதாக வாங்கிய மரக் கிளாரினெட்டை விடுமுறையில் சென்னைக்கு எடுத்துச் செல்கிறேன். அந்த மரத்துக்கு அனைத்துலகக் கட்டுப்பாடு உண்டு என்கிறார்களே, அனுமதி வாங்க வேண்டுமா?
– வாசகி, பொங்கோல்

பதில்: தான்சானியாவிலும் மொசாம்பிக்கிலும் வளரும் கிரெனடில்லா மரம் டல்பெர்ஜியா என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் 2017 ஜனவரியில் அந்தப் பேரினம் ஏறக்குறைய முழுவதும் சேர்க்கப்பட்டது. இசைக்கலைஞர்கள் சிரமப்பட்டது அந்தக் காலத்தில்தான். 2019 நவம்பர் முதல், செய்து முடித்த இசைக்கருவிகளுக்கும் அவற்றின் பாகங்களுக்கும் இந்த மரத்தைப் பொறுத்தவரை விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே சொந்தக் கருவியோடு போய்வர அந்த அனுமதி தேவையில்லை. கருவியைக் கைப்பையோடு விமானத்துக்குள் எடுத்துச் செல்லுங்கள். சரக்கு அறையின் குளிரும் உலர்ச்சியும் புதிய மரத்துக்கு ஆகாது. திரும்பி வரும்போது வெளிநாட்டில் வாங்கிய பொருள் என்று நினைத்துப் பொருள் சேவை வரி கேட்கும் சிக்கல் எழாதிருக்க, இங்கே வாங்கிய ரசீதின் படி ஒன்றும் வரிசை எண் தெரியும்படி எடுத்த படம் ஒன்றும் கைப்பேசியில் இருக்கட்டும்.